ஒலிநாடாப் பதிவுகளில் இரைச்சல் நீக்கம்

ஒலிநாடாப் பதிவுகளில் இரைச்சல் நீக்கம் என்பது, பேச்சுவழக்கில் கேசட் எனப்படும் காந்த ஒலிநாடாக்களில் உள்ள பதிவுகளைக் கணினிக்கு மாற்றிய பின்னர், அவற்றில் பேச்சையோ பாட்டையோ மறைக்கும் வேண்டாத ஒலிகளைக் குறைக்கும் செயன்முறை ஆகும். நாடாவின் சீறல், மின் ரீங்காரம், சொடுக்கொலிகள் முதலியன இவ்வாறு குறைக்கப்படுகின்றன. "நீக்கம்" என்று பொதுவாக அழைக்கப்பட்டாலும் இரைச்சலை முற்றாக நீக்க இயலாது. இரைச்சலைக் குறைக்கும்போது வேண்டிய ஒலியிலும் ஒரு பகுதி இழக்கப்படுகின்றது. இழப்பு எவ்வளவு என்பது, எந்த ஒலி இரைச்சல், எந்த ஒலி பதிவின் பகுதி என்று முதலில் எவ்வாறு முடிவு செய்யப்படுகின்றது என்பதைப் பொறுத்தது.

தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் கோயில் கொடை விழாக்களின்போது பதிவு செய்யப்பட்ட வில்லுப்பாட்டு நாடாக்கள் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு ஆகும். வில்லில் கட்டப்பட்ட மணிகளின் ஒலி நாடாச் சீறலுக்கு அருகிலும், குடத்தின் ஒலி மின் ரீங்காரத்துக்கு அருகிலும் அமைகின்றன. ஆகவே இக்கட்டுரையில் பொதுவான முறைகள் வில்லுப்பாட்டுப் பதிவுகளைக் கொண்டு விளக்கப்படுகின்றன.

பின்னணி

ஒலிநாடாப் பேழையை நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் 1963 ஆம் ஆண்டு பெர்லினில் நடைபெற்ற வானொலிக் கண்காட்சியில் அறிமுகப்படுத்தியது. இதனுள் இருக்கும் நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர், ஓடும் வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். வானொலி நிலையங்களில் பயன்பட்ட திறந்த சுருள் நாடாக்கள் 6.3 மில்லிமீட்டர் அகலமும், நொடிக்கு 19 சென்டிமீட்டரோ அதற்கு மேலோ வேகமும் கொண்டவை. குறுகிய நாடாவில் மெதுவாகப் பதியும்போது குறிகைக்குக் கிடைக்கும் காந்தப் பரப்பு குறைவு. கேசட்டுகளில் சீறல் மிகுதியாகக் கேட்பதற்கு இதுவே அடிப்படைக் காரணம்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களை உள்ளடக்கிய பகுதி நாஞ்சில் நாடு எனப்படுகின்றது. நாஞ்சில் நாட்டிலும் அதனை அடுத்த திருநெல்வேலிப் பகுதியிலும் நாட்டார் தெய்வங்களின் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு நிகழ்த்தப்படுகின்றது. இசக்கியம்மன், சுடலைமாடன், முத்துப்பட்டன் முதலிய கதைகள் பல மணி நேரம் பாடப்படும். மணிகள் கட்டிய வில், அதனை அடிக்கும் வீசுகோல், உடுக்கு, குடம், தாளம், கட்டை ஆகியவை இதன் இசைக்கருவிகள். முதன்மைப் பாடகர் அண்ணாவி அல்லது புலவர் எனப்படுவார்.

1970களின் பிற்பகுதியில் அமெரிக்க ஆய்வாளர் ஸ்டுவர்ட் பிளாக்பர்ன் இப்பகுதியில் களப்பணி செய்தார். நிகழ்த்துதலையும் பாடலையும் இணைத்துப் பார்க்கும் அவரது வில்லுப்பாட்டு நூல் 1988 இல் வெளியாயிற்று. நாகர்கோவிலைச் சேர்ந்த நாட்டார் வழக்காற்றியல் அறிஞர் அ. கா. பெருமாள் இப்பகுதியின் கதைப்பாடல்கள் பற்றியும் நாட்டார் தெய்வங்கள் பற்றியும் பல நூல்கள் எழுதியுள்ளார். ஆய்வாளர்கள் மட்டுமன்றி ஊர்மக்களும் பதிவு செய்தனர். வளைகுடா நாடுகளில் வேலை செய்து திரும்பியோர் கொண்டுவந்த, வானொலியுடன் இணைந்த "டூ-இன்-ஒன்" கருவிகள் 1980களில் ஊர்தோறும் காணப்பட்டன. ஆறு மணி நேரப் பாட்டைப் பதிய நான்கு சி-90 நாடாக்கள் தேவை. பாடகர் பலர் மறைந்துவிட்ட நிலையில் அவர்களின் குரலுக்கு இத்தகைய நாடாவே ஒரே சான்றாக இருப்பதும் உண்டு.

இரைச்சலின் வகைகள்

பதிவில் கேட்கும் இரைச்சல்கள் அனைத்தும் ஓரிடத்தில் தோன்றுவன அல்ல. தோன்றுமிடத்தைக் கொண்டு அவற்றை மூன்றாகப் பிரிக்கலாம்.

1. நாடாவிலும் கருவியிலும் தோன்றுவன. காந்தத் துகள்களின் ஒழுங்கின்மையால் எழும் சீறல், நாடாப் பூச்சு உதிர்ந்த இடங்களில் ஒலி அறுந்து போதல், சுருளில் அடுத்தடுத்த சுற்றுகள் ஒன்றையொன்று காந்தமாக்குவதால் கேட்கும் முன்னெதிரொலி, ஓட்டம் சீராக இல்லாததால் குரல் அலைதல் ஆகியவை இவ்வகையின. சி-60 நாடாவை விட மெல்லியதான சி-90 நாடாவில் முன்னெதிரொலி எளிதில் தோன்றும்.

2. பதிவின்போது மின்வழியாக நுழைவன. இந்தியாவில் மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் ஆகையால் 50, 100, 150, 200 ஹெர்ட்ஸ் ஆகிய இடங்களில் ரீங்காரம் கேட்கும். மைக்செட் பெருக்கியிலிருந்து கம்பி வழியாக எடுத்த பதிவுகளில் இது மிகுதி.

3. நிகழிடத்தில் இருந்தவை. மின்னாக்கி ஓசை, கூட்டத்தின் பேச்சு, வெடிச்சத்தம், பெண்களின் குரவை, சாமியாடுவோரின் ஓங்காரம், அருகில் ஒலிக்கும் மேளம் முதலியன இவ்வகையில் அடங்கும்.

முதலிரு வகைகளும் பாட்டுக்குப் புறம்பானவை. மூன்றாவது வகை அத்தகையது அன்று. அதில் பெரும்பகுதி நிகழ்ச்சியின் உறுப்பாகும். இரைச்சல் நீக்கும் மென்பொருள் இந்த வேறுபாட்டை அறியாது.

கூம்பு ஒலிபெருக்கியின் எதிரே கருவியை வைத்துப் பதிந்த நாடாக்களில் ஒலி பிளிறிக் கேட்பது இரைச்சல் அன்று; அது திரிபு ஆகும். குறிகையின் வடிவமே மாறிவிட்டதால் இரைச்சல் நீக்கத்தினால் இதனைச் சரிசெய்ய முடியாது.

நாடாவை இயக்குதல்

இரைச்சலைக் குறைக்கும் வேலையின் முக்கியமான பகுதி கணினிக்கு வெளியே நடைபெறுகின்றது. சரியாக இயக்கப்படாத நாடாவிலிருந்து இழந்த உயர் அதிர்வெண்களைப் பின்னர் எந்த மென்பொருளாலும் உண்மையாக மீட்க முடியாது.

கன்னியாகுமரி மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறுவதால் அங்கே ஈரப்பதம் மிகுதி. வீடுகளில் வைக்கப்பட்ட நாடாக்களில் வெண்மையான பூஞ்சை படர்வது வழக்கம். பூஞ்சை படிந்த நாடாவை அப்படியே இயக்கினால் காந்தத்தலை அழுக்கடைவதுடன் பூஞ்சை அடுத்த நாடாவுக்கும் பரவும். எனவே முதலில் நாடாவைத் தூய்மை செய்ய வேண்டும். பேழை உடைந்திருந்தாலோ, நாடாவைத் தலையோடு அழுத்தும் சிறு மெத்தை உதிர்ந்திருந்தாலோ, நாடாவை வேறு பேழைக்கு மாற்ற வேண்டும். திருகாணி உள்ள பேழைகளில் இது எளிது. காந்தத்தலையையும் உருளைகளையும் ஒவ்வொரு சில நாடாக்களுக்கும் ஒருமுறை தூய்மை செய்தல் நன்று. தலைக்கு ஐசோபுரோப்பைல் ஆல்ககால் பயன்படுத்தப்படுகின்றது.

அடுத்தது தலையின் சாய்கோணம். பதிவு செய்த கருவியின் தலையும் இயக்கும் கருவியின் தலையும் நாடாவுக்கு ஒரே கோணத்தில் இல்லாவிடில் உயர் அதிர்வெண்கள் மங்கும். தலையின் அருகிலுள்ள சிறு திருகாணியைத் திருப்பி, ஒலி மிகத் தெளிவாகக் கேட்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். இதனை ஒவ்வொரு நாடாவுக்கும், தேவைப்பட்டால் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியே செய்ய வேண்டும். இதைச் செய்யும்போது சீறலும் கூடிக் கேட்கலாம்; அது குறை அன்று.

வீட்டுக் கருவிகளுக்கான டால்பி பி முறை 1968 இல் அறிமுகமாயிற்று. இது பதியும்போது மெல்லிய உயர் அதிர்வெண் ஒலிகளை 10 டெசிபெல் வரை உயர்த்தி, இயக்கும்போது அதே அளவு தாழ்த்துகின்றது. அவ்வாறு பதிந்த நாடாவை அதே முறையில் இயக்கியே கணினிக்கு மாற்றுவது எளிது. டால்பி இன்றிப் பதிந்த நாடாவை டால்பியுடன் இயக்கினால் ஒலி மங்கும். எளிய டூ-இன்-ஒன் கருவிகள் பெரும்பாலானவற்றில் டால்பி வசதி இல்லை.

ஊர்களில் பயன்பட்ட கருவிகள் பல ஒற்றைத்தட வகையின. அவை ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர் அகலத் தடத்தில் பதிந்தன. அதே நாடாவை இரட்டைத்தடக் கருவியில் இயக்கும்போது ஒரே ஒலி இரண்டு தடங்களிலும் கிடைக்கும். தலை சரியான கோணத்தில் இருந்தால் இரண்டையும் கூட்டலாம். பாட்டு இரு தடங்களிலும் ஒன்றாகையால் முழுமையாகக் கூடும். சீறல் ஒவ்வொன்றிலும் வேறாகையால் அவ்வாறு கூடாது. இதனால் பாட்டுக்கு எதிரான சீறல் ஏறத்தாழ 3 டெசிபெல் குறையும். பாட்டில் எதையும் இழக்காமல் கிடைக்கும் குறைப்பு இது ஒன்றே ஆகும்.

எண்ணிமமாக்கம்

அனைத்துலக ஒலி, ஒளிக் காப்பகச் சங்கத்தின் டிசி-04 வழிகாட்டி, ஒப்புமைப் பதிவுகளைக் குறைந்தது 48,000 ஹெர்ட்ஸ் மாதிரியெடுப்பு வீதத்திலும் 24 பிட் அளவிலும் எண்ணிமமாக்கப் பரிந்துரைக்கின்றது. 96,000 ஹெர்ட்ஸ் வீதத்தை விரும்பத்தக்கதாகக் கூறுகின்றது. ஒரு சி-90 நாடாவை இரட்டைத்தடமாக மாற்றும்போது தேவைப்படும் கோப்பளவு பின்வருமாறு:

- 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட்: ஏறத்தாழ 0.95 கிகாபைட்டு
- 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட்: ஏறத்தாழ 1.56 கிகாபைட்டு
- 96,000 ஹெர்ட்ஸ், 24 பிட்: ஏறத்தாழ 3.1 கிகாபைட்டு

கோப்பு சுருக்கப்படாத வடிவில் இருத்தல் வேண்டும். எம்பி3 போன்ற இழப்புச் சுருக்க முறைகள் காதுக்கு முக்கியமற்றவை எனக் கருதும் ஒலிகளை அகற்றிவிடுகின்றன. பின்னர் இரைச்சலைக் குறைக்க முயலும்போது இந்த இழப்புகள் வெளிப்படத் தொடங்கும். பதியும்போது உச்ச ஒலி அளவுகோலின் எல்லையைத் தொடாதவாறு போதிய இடைவெளி விடப்படுகின்றது. வில்லடியும் வெடிச்சத்தமும் எதிர்பாராமல் உயர்வதால் இப்பதிவுகளில் இது இன்றியமையாதது.

இரைச்சல் குறைக்கும் முறைகள்

ரீங்காரத்துக்கு மிகக் குறுகிய அதிர்வெண் பட்டையை மட்டும் வெட்டும் வடிகட்டி பயன்படுத்தப்படுகின்றது. 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் தனித்தனியே வெட்டுவதால் அருகிலுள்ள ஒலிகள் பெரும்பாலும் தப்புகின்றன. சொடுக்கொலிகளுக்கு, திடீரென உயர்ந்து தாழும் சிறு துண்டுகளைக் கண்டறிந்து, இருபுறமுள்ள ஒலியைக் கொண்டு அவ்விடத்தை நிரப்பும் முறை உள்ளது.

சீறலுக்குப் பயன்படும் முறைகளுள் பரவலாக அறியப்பட்டது நிறமாலைக் கழிப்பு ஆகும். ஸ்டீவன் போல் 1979 இல் பேச்சொலிக்காக இதனை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார். இம்முறையில் பதிவு சிறுசிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டும் ஃபூரியே மாற்றின் மூலம் அதிர்வெண் பட்டைகளாக ஆக்கப்படுகின்றது. பாட்டு இல்லாத ஓரிடத்திலிருந்து இரைச்சல் மாதிரி எடுக்கப்பட்டு, ஒவ்வொரு பட்டையிலும் இரைச்சலின் அளவு கணக்கிடப்படுகின்றது. பதிவு முழுவதும் அந்த அளவு கழிக்கப்படுகின்றது அல்லது அந்த அளவைத் தாண்டாத பட்டைகள் தாழ்த்தப்படுகின்றன. மிகுதியாகக் கழித்தால் அங்கங்கே தப்பிய பட்டைகள் நீர்க்குமிழி உடைவது போன்ற கிணுகிணுப்பாகக் கேட்கும். இது இசையிரைச்சல் எனப்படுகின்றது.

பழைய பதிவுகளுக்கான எண்ணிமச் சீரமைப்பு 1980களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்தில் பிரித்தானிய நூலகத்தின் தேசிய ஒலிக்காப்பகத்துக்காக ஆராயப்பட்டது. அதிலிருந்து 1988 இல் சீடர் ஆடியோ நிறுவனம் தோன்றியது. 2000 ஆம் ஆண்டு வெளியான ஒடாசிட்டி என்னும் கட்டற்ற மென்பொருள் இவ்வசதியைப் பொதுப் பயனர்களுக்கும் கிடைக்கச் செய்தது. அதன் இரைச்சல் குறைப்பு வசதியில், நீக்கப்படும் ஒலியை மட்டும் தனியே கேட்டுப் பார்க்கலாம். அந்த எச்சத்தில் வெறும் சீறல் மட்டும் கேட்க வேண்டும். பாடகரின் குரலோ மணியொலியோ அதில் கேட்டால் அளவு மிகுந்துவிட்டது எனக் கொள்ளலாம். பொதுவாக 6 முதல் 12 டெசிபெல் வரையிலான குறைப்பு பாதுகாப்பானது.

வில்லுப்பாட்டுப் பதிவுகளில் எழும் சிக்கல்கள்

பொதுவான முறைகளை வில்லுப்பாட்டுக்கு அப்படியே பயன்படுத்தும்போது பின்வரும் இழப்புகள் நேர்கின்றன.

- வில்மணி: வீசுகோல் பட்டவுடன் பல மணிகள் ஒருங்கே அதிர்ந்து உயர் அதிர்வெண்களில் பரவலான ஒலியை எழுப்புகின்றன. அடியின் தொடக்கம் வலிமையானதாகையால் தப்பும். தேய்ந்து செல்லும் அதன் வால்பகுதியோ சீறலின் அளவுக்கு இறங்குவதால் சீறலோடு சேர்த்து அழிக்கப்படும். மணி தகரத்தைத் தட்டியது போலக் கேட்கும்.
- கட்டை: இதன் ஒலி மிகக் குறுகியது. சொடுக்கு நீக்கும் கருவி இதனை நாடாவின் பழுது எனக் கருதக்கூடும். நிறமாலைக் கழிப்பில் 44,100 ஹெர்ட்ஸ் வீதத்தில் 2,048 மாதிரிகள் கொண்ட ஒரு துண்டு ஏறத்தாழ 46 மில்லிநொடி நீளமுடையது. அதனுள் அடங்கும் கூர்மையான அடி முன்னும் பின்னும் கரைந்து மழுங்கும்.
- குடம்: குடத்தின் வாயில் தட்டும்போது எழும் ஆழ்ந்த ஒலி, ரீங்காரத்தின் கீழ் மடங்குகள் உள்ள பகுதியிலேயே அமைகின்றது. தாழ் அதிர்வெண்கள் முழுவதையும் வெட்டும் வடிகட்டி ரீங்காரத்தோடு குடத்தையும் நீக்கிவிடும். குறுகிய வடிகட்டிகளே இங்கு ஏற்றவை.
- ஒத்துக்குரல்: பின்பாட்டுக்காரர் ஒலிவாங்கிக்குத் தொலைவில் அமர்ந்து கொடுக்கும் மறுமொழிகள் மெல்லியவை. குறிப்பிட்ட அளவுக்குக் கீழான ஒலியை அடைக்கும் கருவிகள் இவற்றை விழுங்கும்.

இரைச்சல் மாதிரி எடுப்பதிலும் சிக்கல் உண்டு. எளிய பதிவுக்கருவிகளில் இருந்த தன்னியக்க ஒலியளவுக் கட்டுப்பாடு, பாட்டு நிற்கும்போது ஒலிவாங்கியின் உணர்திறனை உயர்த்தும். இதனால் இடைவெளிகளில் கூட்டத்தின் ஓசையும் மின்னாக்கி ஓசையும் பெருகிக் கேட்கும். பாட்டு தொடங்கியவுடன் தாழும். நாடாவின் சீறலோ மாறாது நிற்கும். பாட்டின் நடுவிலுள்ள இடைவெளியிலிருந்து மாதிரி எடுத்தால், பாட்டு ஒலிக்கும் நேரத்தில் உண்மையில் இருப்பதை விட மிகுதியான இரைச்சல் கழிக்கப்படும். ஒலிவாங்கி இணைக்கப்படாமல் அல்லது நிகழ்ச்சி தொடங்குமுன் நாடா வெறுமனே ஓடிய பகுதி கிடைத்தால், சீறலுக்கு அதுவே தக்க மாதிரி ஆகும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது நிகழிட ஒலிகள் பற்றியது. கொடை விழாவில் வில்லுப்பாட்டு வெறும் இசைநிகழ்ச்சி அன்று. கதையின் குறிப்பிட்ட கட்டத்தில், பெரும்பாலும் தெய்வமாகப் போகும் மாந்தரின் இறப்பைப் பாடும்போது, சாமியாடிகளின் மேல் தெய்வம் இறங்குவதாக நம்பப்படுகின்றது. அந்நேரத்தில் குரவையும் கூச்சலும் மேளமும் எழும். அண்ணாவியின் குரல் அதில் மூழ்கும். பாட்டை மட்டும் கேட்க விரும்புபவருக்கு இது இரைச்சல். எந்த அடியில் சாமி வந்தது, அதைக் கண்டு பாடகர் வேகத்தைக் கூட்டினாரா, பாட்டை நீட்டினாரா என்று அறிய விரும்பும் மாணவருக்கு இதுவே பதிவின் பயன். குரவை நீக்கப்பட்ட நாடாவில் பாடகர் காரணமின்றி ஓரடியைப் பலமுறை திரும்பப் பாடுவது போலத் தோன்றும்.

சான்றாகும் ரீங்காரம்

நீக்கப்பட வேண்டிய இரைச்சலும் சில வேளைகளில் பயன் தருகின்றது. மின்கலம் வலுவிழந்த கருவி மெதுவாக ஓடிப் பதியும். அந்த நாடாவைச் சரியான வேகத்தில் இயக்கினால் பாட்டு விரைவாகவும் சுருதி உயர்ந்தும் கேட்கும். மைக்செட்டின் வழியாக நுழைந்த ரீங்காரம் பதிவில் இருந்தால் இப்பிழையை அளக்கலாம். 50 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டிய ரீங்காரம் 52 ஹெர்ட்ஸில் காணப்பட்டால், நாடா ஏறத்தாழ 4 விழுக்காடு விரைவாக ஓடுகின்றது எனக் கணிக்கலாம். இது ஓர் அரைச்சுரத்தின் மூன்றில் இரண்டு பங்குக்குச் சமமான சுருதி வேறுபாடு ஆகும்.

இக்கணிப்பை எச்சரிக்கையுடன் பயன்படுத்த வேண்டும். தென்னிந்திய மின்தொகுப்பின் அதிர்வெண் 2003 க்கு முந்தைய ஆண்டுகளில் பலமுறை 50 ஹெர்ட்ஸுக்குக் கீழ் இறங்கியது. விழாவுக்காக வாடகைக்கு எடுத்த மின்னாக்கியின் அதிர்வெண்ணோ இன்னும் நிலையற்றது. எனினும் ஒரே நாடாவின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையில் வேகம் மாறியதா என்று அறிய இது உதவும். ரீங்காரத்தை வெட்டிய பின்னர் இந்த அளவீட்டைச் செய்ய முடியாது. ஆகவே வேகத்தை முதலில் சரிசெய்து, அதன் பின்னரே ரீங்காரத்தை நீக்க வேண்டும். வேகம் சரிசெய்யப்படும்போது ரீங்காரமும் உரிய இடத்துக்கு வருவதால் வடிகட்டியும் துல்லியமாக வேலை செய்யும்.

இயந்திரக் கற்றல் முறைகள்

2010களின் பிற்பகுதியிலிருந்து செயற்கை நரம்பு வலையமைப்புகளைக் கொண்ட இரைச்சல் நீக்கிகள் பரவலாயின. 2017 இல் வெளியிடப்பட்ட ஆர்என்நாய்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருள் இவற்றுள் ஒன்று. இரைச்சல் மாதிரி ஏதுமின்றி, பேச்சு எது, பேச்சல்லாதது எது என்று பயிற்சியின் மூலம் பிரித்தறிவது இதன் இயல்பு. குரலையும் இசைக்கருவிகளையும் தனித்தனியே பிரிக்கும் மென்பொருள்களும் உள்ளன. ஜான் லெனன் 1970களின் இறுதியில் வீட்டில் கேசட்டில் பதிந்த ஒரு பாடல், ரீங்காரமும் பியானோ ஒலியும் குரலோடு கலந்திருந்ததால் 1995 இல் கைவிடப்பட்டது. இயந்திரக் கற்றல் மூலம் குரல் பிரிக்கப்பட்டு, 2023 நவம்பரில் அது பீட்டில்ஸ் குழுவின் பாடலாக வெளியாயிற்று.

வில்லுப்பாட்டைப் பொறுத்தவரை இவற்றின் பயன் எல்லைக்குட்பட்டது. பேச்சுக்காகப் பயிற்றப்பட்ட நீக்கி உடுக்கையும் குடத்தையும் இரைச்சல் எனக் கருதி அகற்றும். பாடல் வரிகளை எழுத்தில் படியெடுக்க இது உதவலாம். பதிவுக்கு மாற்றாக முடியாது. மேலும் இத்தகைய மென்பொருள்கள் சில, தெளிவற்ற இடங்களைத் தாம் கற்ற ஒலிகளைக் கொண்டு நிரப்புகின்றன. அவ்வாறு தெளிவாகக் கேட்கும் ஒரு சொல் பாடகர் பாடிய சொல்தானா என்பதை மூலப்பதிவுடன் ஒப்பிட்டே முடிவு செய்ய வேண்டும். நாஞ்சில் நாட்டு வழக்குச் சொற்கள் மிகுந்த பாடல்களில் இதற்குத் தேவை கூடுதல்.

மூலப்படியும் கேட்புப்படியும்

காப்பகங்களில் பின்பற்றப்படும் நெறி, நாடாவிலிருந்து எடுத்த மூலப்படியில் இரைச்சல் நீக்கம் உள்ளிட்ட எந்த மாற்றமும் செய்யாமல் வைத்திருப்பது ஆகும். மாற்றங்கள் அனைத்தும் தனியான கேட்புப்படியில் செய்யப்படுகின்றன. எந்த மென்பொருள், எவ்வளவு குறைப்பு, எந்த வரிசை என்பவை அதனுடன் குறித்து வைக்கப்படுகின்றன. இன்றைய முறைகளை விடச் சிறந்தவை பின்னர் வரக்கூடும் என்பதும், இரைச்சல் என இன்று கருதப்படுவது நாளை தேவைப்படலாம் என்பதும் இந்நெறிக்குக் காரணங்கள்.

ஒரு கொடை விழாப் பதிவிலிருந்து தேவைக்கேற்ப ஒன்றுக்கு மேற்பட்ட கேட்புப்படிகளை உருவாக்கலாம். சீறலும் ரீங்காரமும் மட்டும் சிறிதளவு குறைக்கப்பட்ட படி பொதுவாகக் கேட்பதற்கும், குரலை முன்னிறுத்திய படி வரிகளைப் படியெடுப்பதற்கும் பயன்படும். நாடாப் பேழையின் மேலும் அட்டையிலும் எழுதியுள்ள ஊர், கோயில், பாடகர், நாள் ஆகிய குறிப்புகளைப் படம்பிடித்துக் கோப்புடன் சேர்த்து வைத்தல் இரைச்சல் நீக்கத்தை விட முதன்மையானது. பெயரற்ற ஒரு பதிவு எவ்வளவு தெளிவாக இருந்தாலும் ஆய்வுக்குப் பயன்படுவது அரிது.

யுனெசுக்கோவும் அனைத்துலக ஒலி, ஒளிக் காப்பகச் சங்கமும் 2019 இல் காந்த நாடா எச்சரிக்கைத் திட்டத்தைத் தொடங்கின. நாடாக்களை இயக்கும் கருவிகளும் உதிரிப்பாகங்களும் பழுதுபார்க்கும் திறனும் 2025 அளவில் அருகிவிடும் என்ற மதிப்பீடு அதன் அடிப்படையாக இருந்தது. இந்தியாவில் 1982 இல் தொடங்கப்பட்ட, குருகிராமில் அமைந்துள்ள இனவிசையியல் ஆவணக்காப்பக ஆய்வு நடுவம் களப்பதிவுகளைப் பேணும் நிறுவனங்களுள் ஒன்றாகும். வீடுகளில் உள்ள நாடாக்களைப் பொறுத்தவரை, நல்ல நிலையிலுள்ள கருவி கிடைக்கும்போதே எண்ணிமமாக்குதல் அவசரமானது. இரைச்சல் நீக்கத்தைப் பின்னர் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம்.

இவற்றையும் பார்க்க

- வில்லுப்பாட்டு
- நாஞ்சில் நாடு
- கொடை விழா
- ஒலிநாடா
- எண்ணிமமாக்கம்
- ஒடாசிட்டி
- ஃபூரியே மாற்று

பகுப்புகள்: ஒலிப்பதிவு | ஆவணப்படுத்தல் | கன்னியாகுமரி மாவட்டம் | தமிழர் நாட்டார் கலைகள்